இயந்திரத்தைக் காத்தவர்கள்

புது தில்லியின் கரோல்பாகிலும், மும்பையின் மாதுங்காவிலும், கொல்கத்தாவின் தென்பகுதியிலும் தமிழர் குடியேறிய கதையைப் பேசப் புகுவோர் சுருக்கெழுத்தையும் தட்டெழுத்தையும் மறப்பதில்லை. ஊரில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் 'லோயர்', 'ஹையர்' தேறி, ஒரு டிரங்குப் பெட்டியுடன் ரயிலேறி, அயல்மொழி பேசும் நகரத்தில் ஓர் ஒட்டுக்குடித்தன அறையில் குடியமர்ந்த அந்தத் தலைமுறையை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். ஆனால், அவர்கள் தட்டிய இயந்திரம் திடீரென்று நின்றுவிட்டால், தோற்பையும் தூரிகையும் எண்ணெய்க் குப்பியுமாக வந்து அதைத் திறந்து சரிசெய்து போனாரே ஒருவர், அவரைப் பற்றி எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. மேலதிகாரியின் கடிதம் தபாலுக்குப் போவதும் போகாததும் அன்று அவர் கையில் இருந்தது. எனினும் காரியாலய நினைவுக் குறிப்புகளில் அவருக்குப் பெயரில்லை.

அவருடைய ஸ்தானத்தில் இன்று நிற்பவர் கணிப்பொறிப் பராமரிப்புப் பொறியாளர். குருகிராமத்திலும் புணேயிலும் ஹைதராபாதிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இந்த உத்தியோகம் பார்ப்போர் பலர். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், "பையன் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். புதிதாக ஒன்றையும் செய்வதில்லை. ஓடிக்கொண்டிருப்பது நிற்காமல் பார்த்துக்கொள்வதே வேலை என்று எப்படி விளக்குவது? மைய அரசின் மொழிபெயர்ப்பாளராகிய நமக்கும் இதில் சங்கடம் உண்டு. 'சப்போர்ட்' என்ற சொல்லுக்கு 'ஆதரவு' என்று எழுதினால், ஏதோ மந்திரிசபைக்கு வாக்களிப்பது போன்ற தொனி வந்துவிடுகிறது. 'உதவி' என்றால் தர்மம் செய்வதுபோல் ஒலிக்கிறது. 'பராமரிப்பு' என்பதே ஒருவாறு பொருந்துகிறது. குழந்தையையும் வயோதிகரையும் பற்றிச் சொல்லும்போது நாம் வழங்கும் சொல் அது.

இத்தொழில் இந்நாட்டில் எவ்வாறு பிறந்தது என்பதைச் சற்று ஆராய்வோம். கணிப்பொறியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதை வாங்கியவரையும் வடிவமைத்தவரையும் பற்றியே கூறுகின்றனர். பழுது நீக்கியவரின் பக்கம் நின்று பார்த்தால் அதே வரலாறு வேறு முகம் காட்டுகிறது.

1955-ஆம் ஆண்டில் பேராசிரியர் மகலனோபிஸின் முயற்சியால், கல்கத்தாவை அடுத்த பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்னும் இயந்திரம் கப்பலில் வந்து சேர்ந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணிப்பொறி அதுவே. 1,024 சொற்கள் கொள்ளும் காந்த உருளையே அதன் நினைவகம். அந்த இயந்திரம் பழுதானால் லண்டனிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க இயலாது. ஆகவே, அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் முன்கூட்டியே இங்கிலாந்து சென்று அதன் உள்ளமைப்பைக் கற்று வந்திருந்தனர். இயந்திரம் வருமுன்பே அதைப் பழுதுபார்க்கும் அறிவு இங்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் கதை இன்னும் சுவையானது. அங்கே இயந்திரத்தையே இந்நாட்டவர் கட்டினார்கள். சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் அக்குழுவை வழிநடத்தினார். 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கிய அதில் 2,700 வால்வுகளும், 1,700 ஜெர்மானியம் டயோடுகளும், 12,500 மின்தடைகளும் இருந்தன. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளில் வளர்ந்த முதியோருக்கு ஒன்று தெரியும்: வால்வு என்பது விளக்கைப்போல் சூடேறி, ஒருநாள் உயிர்விடும். வீட்டு ரேடியோவில் இருந்தவை ஐந்தாறு. 2,700 வால்வுகள் உள்ள இயந்திரத்தில் எப்போதும் ஏதேனும் ஒன்று அணையும் தறுவாயில் இருக்கும். அதைக் கட்டியவர்களே அதற்கு மருத்துவர்களாகவும் இருக்க வேண்டியதாயிற்று. கட்டும் தொழிலும் காக்கும் தொழிலும் அன்று இரண்டல்ல.

அவை இரண்டானது வியாபார உலகுக்குள் கணிப்பொறி நுழைந்தபோதுதான்.

1961-இல் பம்பாயில் எஸ்ஸோ எண்ணெய்க் கம்பெனிக்கு ஐ.பி.எம். 1401 என்னும் இயந்திரம் வந்தது. இந்நாட்டு வணிகத் துறையின் முதல் கணிப்பொறி என்று அதைக் கூறுவர். பின்னர் ரயில்வே மண்டலங்களுக்கும் பெரிய ஆலைகளுக்கும் அதே வகை இயந்திரங்கள் வந்தன. சம்பளப் பட்டியலும், சரக்குக் கணக்கும், ரயில்வே வரவு செலவும் துளையிட்ட அட்டைகளாக மாறி, நிமிஷத்துக்கு 800 அட்டை வீதம் அதற்குள் சென்று, நிமிஷத்துக்கு 600 வரி வீதம் அச்சாகி வெளிவந்தன. அந்த இயந்திரம் வாங்கியவருக்குச் சொந்தமல்ல. பெரும்பாலும் மாத வாடகைக்கே அது கொடுக்கப்பட்டது. வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்பதை, வெளியூரில் குடித்தனம் செய்யும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கும் அவ்வாறே. மூடியைத் திறக்கும் உரிமை ஐ.பி.எம். பொறியாளருக்கே உண்டு. அந்நிறுவனம் அவரை 'கஸ்டமர் இன்ஜினியர்', அதாவது வாடிக்கையாளருக்கான பொறியாளர் என்று அழைத்தது. கழுத்தில் டையும் கையில் கருவிப்பையுமாக அவர் வருவார். இயந்திரத்துக்காக வந்தவர் என்னாமல் வாடிக்கையாளருக்காக வந்தவர் என்று பெயரிட்டதில் ஒரு வியாபார ஞானம் இருந்தது.

அவருடைய வேலை எத்தகையது? 1401-இன் உள்ளே சீட்டுக்கட்டின் சீட்டைவிடச் சற்று நீளமான மின்சுற்று அட்டைகள் வரிசை வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். எந்த அட்டையில் எந்த டிரான்சிஸ்டர் சோர்ந்துபோயிற்று என்பதை, மேஜை முழுவதும் விரிந்த படச் சுருள்களைப் பார்த்து, அலைகாட்டியின் முனையை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கண்டறிய வேண்டும். முற்றாக நின்றுபோன இயந்திரம் அவருக்குப் பெரிய தொல்லையல்ல. காலையில் பிழைசெய்து, மாலையில் அவர் வந்ததும் ஒன்றும் அறியாததுபோல் ஒழுங்காக ஓடும் இயந்திரமே அவரைச் சோதித்தது. மருத்துவரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுவிடும் குழந்தை போன்றது அது. பம்பாய் மழைக்காலத்திலோ அட்டைகள் ஈரத்தை உண்டு உப்பிப்போய், படிப்பானின் வாயில் சிக்கிக்கொள்ளும். குளிரூட்டிய அறை இயந்திரத்தின் சுகத்துக்காக அமைக்கப்பட்டது. அதை மனிதர்களும் அனுபவித்தார்கள்.

இதனிடையே வேறொரு குரலும் எழுந்தது. 1960-களின் நடுப்பகுதியில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் கல்கத்தாவில் இலாக்கோ ஹவுஸ் என்னும் கட்டடத்தில் கணிப்பொறி நிறுவ முற்பட்டபோது, ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் நின்று அதைத் தடுத்தனர். பேனா பிடித்த கைகளுக்கு வேலை போய்விடுமோ என்ற அச்சம் அது. வி.எம். தாண்டேகர் தலைமையிலான குழு 1972-இல் இப்பொருள் பற்றி அறிக்கை தந்தது. அந்த அச்சம் முழுவதும் வீண் என்று நாம் கூற மாட்டோம். அட்டை துளைத்தவர்களின் உத்தியோகமும் தட்டெழுத்தாளரின் உத்தியோகமும் இன்று எங்கே? ஆயினும் அந்தப் பெரும் விவாதத்தில் ஒரு கேள்வி மட்டும் அதிகமாக எழவில்லை: இயந்திரத்தைத் தந்தவர் ஒருநாள் போய்விட்டால் என்ன செய்வது?

1970-களில் அக்கேள்வி வாசலில் வந்து நின்றது. மேலைநாடுகளில் பழசாகிக் கழிக்கப்பட்ட 1401 இயந்திரங்கள் இந்தியாவில் புதுப்பிக்கப்பட்டு வாடகைக்கு விடப்படுகின்றன என்ற குறைபாடு எழுந்தது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1976-இல் அரசுத் துறைகளின் கணிப்பொறிப் பயன்பாடு பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அத்தகைய அறிக்கைகளோடு காலங்கழிக்கும் நாம் அவற்றின் உலர்ந்த நடையை நன்கு அறிவோம். எனினும் அந்த வாக்கியங்களுக்கு அடியில் கோபம் இருந்தது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளிநாட்டு நிறுவனங்கள் இங்குள்ள தம் கிளைகளில் பங்குரிமையை நூற்றுக்கு நாற்பதாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. பிரிட்டிஷ் நிறுவனமான ஐ.சி.எல். அதற்கு இணங்கியது. ஐ.பி.எம். இணங்கவில்லை. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் மந்திரியாக இருந்த காலத்தில், 1978-இல், அது இந்நாட்டை விட்டு வெளியேறியது.

இதை வெற்றி என்று கொண்டாடியவர்களும் உண்டு. விபரீதம் என்று நொந்தவர்களும் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது வேறு. நாடெங்கும் 800-க்கு மேற்பட்ட இடங்களில் அந்நிறுவனத்தின் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிறுவனம் போயிற்று; இயந்திரங்கள் போகவில்லை. முதல் தேதி சம்பளம் பட்டுவாடா ஆக வேண்டும். ரயில் வண்டிகளின் கணக்கு தீர வேண்டும். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது?

இந்நிலை வரக்கூடும் என்பதைச் சிலர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1975 டிசம்பர் 26-ஆம் நாள் 'கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்' என்ற அரசாங்க நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. பெயரைக் கவனியுங்கள். கணிப்பொறி செய்யும் நிறுவனம் அல்ல, விற்கும் நிறுவனமும் அல்ல, பராமரிக்கும் நிறுவனம். அரசாங்கம் ஒன்று இதற்கென்றே ஒரு கம்பெனியைத் தோற்றுவித்தது, நம் அபிப்பிராயத்தில், அக்காலத்தின் மிகவும் புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று. 1978 அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஐ.பி.எம். இயந்திரங்களின் பராமரிப்பை அது ஏற்றது. பின்பு பிற வெளிநாட்டு நிறுவனங்களின் இயந்திரங்களும் அதன் கைக்கு வந்தன.

அது சாத்தியமானதற்குக் காரணம் எளியது. ஐ.பி.எம். வெளியேறியபோது மேலாளர் சிலரும் விதிமுறைகளும் வெளியேறியிருக்கலாம்; மூடியைத் திறக்கத் தெரிந்த கைகள் வெளியேறவில்லை. அவை இந்நாட்டவரின் கைகள். அந்நிறுவனத்தின் ஊழியர் பலர் புதிய அரசு நிறுவனத்தில் சேர்ந்தனர். வேறு சிலர் ஒன்றுகூடி இன்டர்நேஷனல் டேட்டா மேனேஜ்மென்ட் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கினர். நேற்று வரை ஒரே கம்பெனியின் இயந்திரத்தை மட்டும் தொட்ட பொறியாளர், இனிப் பல தேசத்து இயந்திரங்களைத் தொட வேண்டியவரானார். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் இயந்திரத்தையே பழுதுபார்ப்பது உலக வழக்கமாயிருந்த காலத்தில், எவர் செய்த இயந்திரமாயினும் சரி என்று ஏற்கும் தொழில் இங்கே வேரூன்றியது. உதிரி உறுப்புகளை இறக்குமதி செய்வது அந்நாளில் எளிதாக இல்லை. செலாவணி அனுமதி, சுங்க வரி என்று பல வாயில்களைக் கடக்க வேண்டும். ஆகவே, தூக்கியெறிந்து புதிது மாட்டுவதைவிட, பழுதின் மூலத்தைக் கண்டறிந்து இருப்பதைச் சீராக்குவதே அவர்களுக்குப் பழக்கமாயிற்று. வறுமையில் கற்ற வித்தை அது. பின்னாளில் அதுவே மூலதனமாயிற்று.

பராமரிக்கப் புகுந்தவர்கள் விரைவில் அதற்கு அப்பாலும் சென்றார்கள். 1984-இல் சி.எம்.சி. என்று பெயரைச் சுருக்கிக்கொண்ட அந்நிறுவனம்தான், 1980-களின் நடுவில் புது தில்லியில் ரயில்வே முன்பதிவைக் கணிப்பொறிக்கு மாற்றியது. அதற்கு முன் இருந்த நிலையை வெளியூர்த் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பேரேடு. அந்தப் பேரேடு இருக்கும் ஜன்னலில்தான் அந்த வண்டிக்கு இடம் கிடைக்கும். ஜி.டி. எக்ஸ்பிரஸுக்கு ஒரு வரிசை, தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு இன்னொரு வரிசை. ஒன்றில் இடமில்லை என்று தெரிவதற்குள் மற்றதன் வரிசை தெருவரை நீண்டுவிடும். கணிப்பொறி வந்தபின், எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம் என்றாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் மற்றப் பெருநகரங்களும் இம்முறைக்கு மாறின.

இங்கேதான் பராமரிப்புப் பொறியாளரின் நிலை அடிப்படையில் மாறியது என்பது நம் கருத்து. 1401 நின்றால் சம்பளப் பட்டியல் ஒருநாள் தாமதமாகும். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே அது தெரியும். முன்பதிவுக் கணிப்பொறி நின்றால், தீபாவளிக்கு ஊருக்குப் போகக் காலை நான்கு மணிக்கே வந்து நின்றவர் அனைவருக்கும் அந்தக் கணமே தெரியும். "சர்வர் டவுன்" என்ற இரு சொற்கள் ஹிந்தியும் தமிழும் வங்காளமும் போல நாட்டு மொழிகளில் ஒன்றாகிவிட்டன. பழுது இனி இயந்திரத்துக்குச் சொந்தமல்ல. வரிசையில் நிற்கும் மனிதருக்குச் சொந்தம்.

வங்கிகளின் கதையும் இதனோடு சேர்ந்தது. 1983-இல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே இயந்திரமயமாக்கல் பற்றி உடன்பாடு ஏற்பட்டது. பின்னாளில் ரிசர்வ் வங்கியின் கவர்னராக விளங்கிய சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் அதற்கு வழிவகுத்துத் தந்தது. கிளைதோறும் பேரேட்டுப் பதிவு இயந்திரம் வந்தது. பின்னர் சிறு கணிப்பொறிகள் வந்தன. ஒரே பெரிய இயந்திரத்தைச் சுற்றி நான்கு பொறியாளர் நின்ற காலம் போய், நாற்பது கிளைகளுக்கு ஒரு பொறியாளர் ஸ்கூட்டரில் அலையும் காலம் வந்தது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்பது அக்காலத்தின் தாரக மந்திரம். சுண்ணாம்புத் தூசி, எலி கடித்த கம்பி, மின்விசிறிக்காகப் பிடுங்கப்பட்ட கணிப்பொறியின் பிளக் ஆகியவை ஒரு பொறியியற் கல்லூரியும் கற்பிக்காத பாடங்கள்.

அலுவலகப் பொறியாளரின் மேன்மையை நாம் நேரில் உணர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் பழைய கணிப்பொறிகளை அகற்றிப் புதியவை வைத்தார்கள். மறுநாள், பல்லாண்டு உழைத்துச் சேர்த்த தமிழ்க் கலைச்சொல் கோப்புகளைத் திறந்தால், தமிழுக்குப் பதில் ரோமன் எழுத்துகளும் கேள்விக் குறிகளும் சிதறிக் கிடந்தன. காரணம், அவை யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டப்பட்டவை. தமிழுக்கு 1991-இலேயே யூனிகோடில் இடம் கிடைத்திருந்தது; 1999-இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகளும் ஏற்கப்பட்டன; ஆயினும் நடைமுறையில் ஆளுக்கொரு எழுத்துரு, கம்பெனிக்கொரு குறியீடு என்றே பல்லாண்டு காலம் கழிந்தது. ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய இளைஞர் ஒருவர் வந்தார்; கோப்புகள் கெட்டுவிட்டன என்றார்; அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குமாறு சொல்லி, அதற்கான பொத்தானில் விரலையும் வைத்துவிட்டார். நம் மார்பு அடைத்துவிட்டது.

பிற்பகலில் அவருடைய மூத்தவர் வந்தார். தர்பங்கா பக்கத்தவர், தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். விசைப்பலகையை அவர் தொடவேயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், இதை முதன்முதலில் எந்த மிஷினில் டைப் செய்தீர்கள்? அப்போது யார் கூட இருந்தார்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார். பேச்சு அரைமணி நேரம் நடந்தது. கோப்பில் பிழையில்லை, அதைப் படிக்கும் கண்ணாடிதான் தொலைந்துபோயிற்று என்று கண்டுகொண்டார். கழித்த கணிப்பொறிகள் ஏலத்துக்காகப் படிக்கட்டின் அடியில் அடுக்கிக் கிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துவரச் செய்து, அதன் வட்டிலிருந்து பழைய எழுத்துருவை மீட்டார். திரையில் 'அ' வந்து நின்றபோது, அது 'அ'தானா என்று நம்மையே கேட்டுத் தெளிந்தார். பிறகு அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றும் வழியையும் ஏற்பாடு செய்துவிட்டு, இரண்டு பிரதிகள் எடுத்து வைக்கச் சொல்லிப் புறப்பட்டார். இளையவரை நம் எதிரில் அவர் ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. படியிறங்கும்போது, "முதலில் கேள், பிறகு தொடு" என்று அவரிடம் சொன்னது மட்டும் நம் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து இத்தொழிலையும் நம் தொழிலையும் பங்காளிகளாகவே நாம் கருதி வருகிறோம். "சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்று வாடிக்கையாளர் ஒருவர் சொல்லும் வாக்கியத்துக்கு நூறு பொருள் உண்டு. கடவுச்சொல் மறந்திருக்கலாம், கம்பி கழன்றிருக்கலாம், அயல்நாட்டில் உள்ள ஒரு சர்வரின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். சொன்ன சொல்லிலிருந்து சொல்ல வந்த பொருளைப் பிரித்தெடுப்பது மொழிபெயர்ப்பாளர் வேலையன்றி வேறென்ன?

1990-களிலும் அதன் பின்னரும் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1992-இல் ஐ.பி.எம். டாட்டாவுடன் கூட்டாகத் திரும்பி வந்தது. ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிய பழைய நிரல்கள் 2000-ஆம் ஆண்டை 1900 என்று எண்ணிவிடுமோ என்று உலகம் நடுங்கியபோது, பழைய நிரல்களைப் பொறுமையாகப் படித்துத் திருத்த ஆள் தேடி அது இந்தியாவுக்கு வந்தது. சி.எம்.சி.யின் மொத்தப் பங்குகளில் நூற்றுக்கு 51 பங்கு அரசால் 2001-இல் டாட்டா குழுமத்துக்கு விற்கப்பட்டது. 2015-இல் அது டாட்டா கன்சல்டன்ஸி சர்வீஸஸுடன் இணைந்து, தன் பெயரை இழந்தது. ஒருகாலத்தில் மேலைநாட்டவரின் இயந்திரத்தை இங்கே காத்தவர்கள், இப்போது இங்கிருந்தபடியே மேலைநாட்டவரின் அலுவலகங்களைக் காக்கத் தொடங்கினர். கருவிப்பைக்குப் பதில் தொலைத்தொடர்புக் கம்பி. ஸ்கூட்டருக்குப் பதில் இரவு வண்டி.

இத்தொழிலுக்குள் இன்று பல படிகள் உண்டு. 1980-களின் இறுதியில் பிரிட்டிஷ் அரசின் கணிப்பொறித் துறை வகுத்த ஐ.டி.ஐ.எல். என்னும் நெறிமுறை உலகெங்கும் பரவி, ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஓர் எண்ணும், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கால வரம்பும் தந்திருக்கிறது. முதற் படியில் இருப்பவர் தொலைபேசியை எடுப்பார். எழுதிவைத்த வினாக்களைக் கேட்பார். அவரால் முடியாதது இரண்டாம் படிக்குப் போகும். இருவராலும் முடியாதது மூத்த பொறியாளரிடம் வரும். ஆகவே, அவர் கைக்கு எளிய பழுது ஒன்றும் வருவதில்லை. வரும்போதே இருவர் தோற்ற செய்தியையும், வாடிக்கையாளரின் கோபத்தையும், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தையும் சேர்த்துக்கொண்டே வருகிறது. வர்த்தக நிறுவனம் ஒன்றின் கணக்குகள் நின்றுபோயின என்றால், ஒப்பந்தப்படி நிமிஷங்கள் எண்ணப்படுகின்றன. அந்நேரத்தில் அவர் ஒரு மாற்றம் செய்யுமுன், அது தவறிப்போனால் முன்னிருந்த நிலைக்குத் திரும்பும் வழியை எழுதிவைக்க வேண்டும். சரியானபின், ஏன் நேர்ந்தது என்று அறிக்கை தர வேண்டும். நன்றாக வேலை செய்த மாதத்தில் அவரை ஒருவரும் நினைப்பதில்லை. ஒன்றும் நடவாததே அவருடைய சாதனை என்பதால், அதைச் சம்பள உயர்வு கேட்கும் தாளில் எழுதுவது எங்ஙனம் என்று நம் அண்டை வீட்டு நண்பர் ஒருவர் வருந்திக் கூறுவதுண்டு.

2020 மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் வீட்டுக்குள் அடங்கியது. அதற்கு முன்பே, வீட்டிலிருந்து பணிபுரிவதற்குத் தடையாயிருந்த விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை அம்மாதத்தில் தளர்த்தியிருந்தது. பல லட்சம் பேர் மடிக்கணிப்பொறியுடன் சமையலறை மேஜைக்கு மாறினர். அவ்வாரங்களில் இரவு பகலாக ஒவ்வொருவருடைய வீட்டையும் அலுவலகத்தோடு பாதுகாப்பாக இணைத்துக் கொடுத்தவர்கள் இந்தப் பொறியாளர்களே. மருத்துவருக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் கைதட்டிய நாடு இவர்களை நினைக்கவில்லை. நினைக்க வேண்டும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

இனி எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே செய்யலாம், இயந்திரத்தின் அருகே மனிதர் தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்த வேளையில்தான், 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை வந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பில் இருந்த பிழையால், உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். ஹைதராபாதில் அவ்வாறு எழுதிய ஒரு சீட்டின் படம் நாடெங்கும் சுற்றி வந்தது. நின்றுபோன இயந்திரத்தைத் தொலைவிலிருந்து பிடிக்க இயலவில்லை. பிடிக்க வேண்டிய இழையே அறுந்திருந்தது. ஒவ்வொன்றின் அருகிலும் ஒருவர் சென்று, பாதுகாப்பு நிலையில் அதை எழுப்பி, பிழையான கோப்பை நீக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்த இடங்களில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியிருந்தது.

அவ்வார இறுதியில் தில்லியில் நம் அண்டை வீட்டு நண்பர் வீடு திரும்பவில்லை. ஒரு வணிக நிறுவனத்தின் ஆறு மாடிகளில், இளையவர் நால்வருடன், மேஜை மேஜையாக நடந்தாராம். ஒருவர் தாளிலிருந்து எண்களை உரக்கப் படிக்க, மற்றவர் தட்டியிருக்கின்றனர். ஞாயிறு மாலை அவர் வந்தபோது, அவருடைய தாயார் காபியைக் கையில் கொடுத்து, "என்னப்பா, மிஷின் எல்லாம் சரியாயிற்றா?" என்று கேட்டார். "இன்னும் நாலாவது மாடி பாக்கி, அம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் உட்கார்ந்த நாற்காலியிலேயே உறங்கிப்போனார்.